ஒன்றினுள் ஒன்று அடங்கும் டப்பாக்கள்: பெட்டியில் அச்சிட்ட உயரமும் உண்மையான உயரமும்

மூடியுடன் கூடிய 12 சதுர பிளாஸ்டிக் டப்பாக்கள் அடங்கிய இந்தத் தொகுப்பை வாங்குவோர் பெரும்பாலும் இட நெருக்கடிக்காகவே வாங்குவார்கள் என்பதால், அடுக்கினால் எவ்வளவு உயரம் வரும் என்பதையே முதலில் பார்த்தேன். வெற்று டப்பாக்களை ஒன்றினுள் ஒன்றாகச் செருகினால் பன்னிரண்டும் 24 செ.மீ. உயரத்தில் அடங்கும் என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கிறார்கள். அளவுநாடாவோ 32 செ.மீ. காட்டுகிறது.

அந்த 8 செ.மீ. எங்கே விடுபட்டது என்று கண்டுபிடிப்பது கடினமன்று. ஒரு டப்பாவின் உயரம் 10 செ.மீ.; அதனுள் செருகிய அடுத்த டப்பா 2 செ.மீ. மட்டுமே வெளியே தெரியும். அந்த இரண்டைப் பன்னிரண்டால் பெருக்கியதோடு தயாரிப்பாளர் நிறுத்திக்கொண்டார் போலும். அடி டப்பா தன் முழு உயரத்தையும் எடுத்துக்கொள்ள, மேலுள்ள பதினொன்றுக்கு மட்டுமே இரண்டிரண்டு செ.மீ. கூடுகிறது; ஆக 10 + 22 = 32.

வடிவமைப்பில் குறை சொல்ல ஏதுமில்லை. உட்சுவரின் நான்கு மூலைகளிலும் சிறு முட்டுகள் வைத்திருப்பதால், மேல் டப்பா அந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. இடைவெளியில் காற்று புகுவதால் இழுத்தவுடன் கழன்றும் வருகிறது. முட்டு இல்லாத சரிவுச் சுவர் டப்பாக்கள், மேலே எடை ஏற ஏறக் கீழே இறுகிக் கவ்விக்கொள்ளும். அடுக்கின் உயரமும் ஒரே சீராக இராது. இங்கே ஒவ்வொன்றும் சரியாக 2 செ.மீ. கூடுவதால், உயரத்தை வைத்தே எண்ணிக்கையையும் சொல்லிவிடலாம்: அடுக்கு 26 செ.மீ. இருந்தால், முதல் டப்பாவின் பத்தைக் கழித்து, மீதி 16-ஐ இரண்டால் வகுத்து, ஒன்றைக் கூட்ட வேண்டும், ஒன்பது டப்பாக்கள். (இந்த 2 செ.மீ. அளவை இரண்டு டப்பாக்களை மட்டும் வைத்து எடுக்க வேண்டாம். அளப்பதில் நேரும் சிறு பிழை பதினொரு மடங்காகிவிடும்.)

பொருள் நிரப்பி மூடியபின் கணக்கு வேறு. மூடியின் நடுக்குழியில் மேல் டப்பாவின் அடிப்பகுதி 0.4 செ.மீ. இறங்கி உட்காருகிறது. மூடியோடு முதல் டப்பா 10.4 செ.மீ., அதன்மேல் வரும் ஒவ்வொன்றும் 10 செ.மீ. எனவே 35 செ.மீ. இடைவெளியுள்ள தட்டில் மூன்று டப்பாக்களை 30.4 செ.மீ. உயரத்தில் வைக்கலாம், நான்காவதற்கு இடமில்லை. சதுர வடிவம் என்பதால் மூலைகள் வீணாவதில்லை. அதே அகலமுள்ள வட்ட டப்பா அச்சதுரத்தின் பரப்பில் ஏறத்தாழ 78.5 சதவீதத்தையே நிரப்பும்.

மூடிகளைப் பற்றி அட்டைப்பெட்டி வாய் திறக்கவில்லை. ஒரு மூடியின் தடிமன் 1.2 செ.மீ.; அடுக்கும்போது அடுத்தடுத்த மூடிக்கு 0.6 செ.மீ. கூடுவதால் பன்னிரண்டுக்கும் 7.8 செ.மீ. ஆகிறது. டப்பாவின் வாயைவிட மூடி அகலமானது என்பதால் உள்ளே போடவும் முடியாது. வெற்று டப்பா அடுக்கின் உச்சியில் வைத்தால் மொத்தம் 39.8 செ.மீ. ஆகி, அதே 35 செ.மீ. தட்டுக்குள் நுழையாது, பக்கத்தில்தான் இடம் ஒதுக்க வேண்டும்.