கணித ஆசிரியர் தகுதித் தேர்வுக்கான இணையப் பயிற்சித் தொகுப்பு: ஆறு மாதம் படித்த பின் ஒரு மதிப்புரை

உயர்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியர் தகுதித் தேர்வுக்காக ஓர் இணையப் பயிற்சித் தொகுப்பை ஆறு மாதச் சந்தாவில் வாங்கி, முதல் காணொளியிலிருந்து கடைசி மாதிரித் தேர்வு வரை முழுவதுமாகப் பயன்படுத்தி, தேர்வையும் எழுதி முடித்திருக்கிறேன். காணொளிப் பாடங்கள், வினா வங்கி, மாதிரித் தேர்வுகள், ஐயம் தீர்க்கும் சேவை என்ற அமைப்பு இத்தகைய தொகுப்புகள் பலவற்றுக்கும் பொதுவானது. ஆகவே நிறுவனத்தின் பெயரைச் சொல்வதைவிட, உள்ளே என்ன இருந்தது, எது உதவியது, எது நேரத்தை வீணாக்கியது என்று எழுதுவதே வாங்க நினைப்பவருக்குப் பயன்படும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 'மாணவர் விடைத்தாள்' என்ற ஒரு பகுதிக்காகவே இதை வாங்கலாம், நுண்கணிதக் காணொளிகளை நம்பி வாங்கக் கூடாது.

கல்லூரிக் கணிதம் முடித்துப் பல ஆண்டுகள் கழித்து இந்தத் தேர்வுக்கு உட்காருபவருக்கு ஒரு விசித்திரமான சங்கடம் காத்திருக்கிறது. குலக் கோட்பாடும் மெய்ப்பகுப்பாய்வும் படித்தவருக்குக் கூட, ஒரு பின்னத்தால் வகுக்கும்போது அதைத் தலைகீழாக்கிப் பெருக்குவது ஏன் என்று பதினான்கு வயதுப் பிள்ளை கேட்டால் நாக்கு எழுவதில்லை. ஜெர்மானியக் கணிதவியலாளர் ஃபீலிக்ஸ் கிளைன் 1908-இலேயே இதை இரட்டை முறிவு என்று விவரித்தார்: பள்ளியிலிருந்து பல்கலைக்கழகத்துக்குள் நுழையும் மாணவர் அதுவரை படித்ததை மறக்க நேர்கிறது, ஆசிரியராகப் பள்ளிக்குத் திரும்பும்போது பல்கலைக்கழகத்தில் படித்ததையும் மறந்துவிட்டுப் பழைய முறையிலேயே கற்பிக்கத் தொடங்குகிறார். தகுதித் தேர்வு இந்த இரண்டு முறிவுகளுக்கும் நடுவில் நின்று கேள்வி கேட்கிறது. கணக்கைப் போடத் தெரிந்தால் மட்டும் போதாது. அந்த வழி ஏன் செல்லுபடியாகிறது, எந்த இடத்தில் செல்லாமல் போகிறது, பிள்ளைகள் எங்கே சறுக்குவார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்கக் கல்வியியலாளர் லீ ஷுல்மன் 1986-இல் இதைப் பாட அறிவிலிருந்தும் பொதுவான கற்பித்தல் திறனிலிருந்தும் பிரித்து, ஒரு பாடத்தைக் கற்பிப்பதற்கே உரிய தனி அறிவு என்று வரையறுத்தார். ஒரு பயிற்சித் தொகுப்பு இந்த அறிவை வளர்க்கிறதா என்பதுதான் என்னுடைய அளவுகோல்.

'மாணவர் விடைத்தாள்' பகுதி அதை உண்மையாகவே வளர்க்கிறது. ஒவ்வொரு வினாவிலும் ஒரு மாணவரின் கையெழுத்தில் தீர்வு ஒன்று தரப்படுகிறது. அதைத் திருத்துவதோடு நில்லாமல், பிழை பிறந்த வரியைச் சுட்டி, அந்த மாணவரிடம் கேட்க வேண்டிய அடுத்த கேள்வியையும் நாமே எழுத வேண்டும். எடுத்துக்காட்டாக, 'ஓர் எண்ணுடன் 6-ஐக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் அதே எண் கிடைக்கிறது. அந்த எண் எது?' என்ற கணக்கு. மாணவர் இருபுறமும் வர்க்கப்படுத்தி, வந்த இருபடிச் சமன்பாட்டைக் காரணிப்படுத்தி, 3, −2 என இரண்டு விடைகளையும் எழுதியிருக்கிறார். எந்த வரியிலும் கூட்டல் கழித்தல் பிழை இல்லை. '−2-ஐப் பொருத்திப் பார், சரிவராது' என்று மட்டும் நான் எழுதினேன். பாதி மதிப்பெண்தான் கிடைத்தது. விளக்கத்தைப் படித்தபோதுதான் விடுபட்டது என்னவென்று புரிந்தது. வர்க்கப்படுத்துவது ஒருவழிப் பாதை. சமமான இரு எண்களின் வர்க்கங்கள் சமம். ஆனால் வர்க்கங்கள் சமம் என்பதால் எண்கள் சமமாகிவிடாது. −2 வானத்திலிருந்து குதித்த விடையும் அன்று: வர்க்கமூலத்துக்கு முன்னால் கழித்தல் குறி இருந்திருந்தால் அதுவே சரியான விடை. வர்க்கப்படுத்திய கணத்தில் அந்தக் குறி பற்றிய செய்தி அழிந்துபோனதால், இரண்டு வேறு சமன்பாடுகளின் விடைகள் ஒன்றாகக் கலந்துவிட்டன. சரிபார்த்தல் என்பது கடைசியில் செய்யும் சடங்கு அன்று, தீர்வின் ஒரு படியே என்று வகுப்பில் சொல்லும் தைரியம் எனக்கு அன்று வந்தது.

இதே பகுதியில் என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்த இன்னொன்று முக்கோணவியலில் வருகிறது. சைனுக்கு மேல் −1 என்று அடுக்குப் போலப் போட்டிருப்பதை மாணவி ஒருவர் 'ஒன்றின் கீழ் சைன்' என்று படித்துவிட்டார். கவனக்குறைவு என்று தள்ளிவிடத் தோன்றும்; ஆனால் சைனுக்கு மேல் 2 போட்டால் சைன் மதிப்பின் வர்க்கம் என்று நாம்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தோம். அந்த விதியை அவர் நேர்மையாக நீட்டித்திருக்கிறார். நேர்மாறு சார்புக்கு, அதாவது சைன் மதிப்பிலிருந்து கோணத்தைத் திருப்பித் தரும் சார்புக்கு, இந்தக் குறியீட்டை ஆங்கிலேய அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் 1813-இல் அறிமுகப்படுத்தினார். சார்பை மீண்டும் மீண்டும் செயல்படுத்துவதை அடுக்காக எழுதும் முறையோடு அது ஒத்துப்போகிறது, வர்க்கத்துக்கு நாம் பழகிவிட்ட எழுத்து முறையோடுதான் ஒத்துப்போகவில்லை. பிழையின் வேர் மாணவியிடம் இல்லை, இரண்டு மரபுகள் ஒரே இடத்தில் மோதுவதில் இருக்கிறது என்று விளக்கம் முடிகிறது. ஒரு தகுதித் தேர்வுப் பயிற்சியில் இவ்வளவு கனிவான, இவ்வளவு துல்லியமான விளக்கத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

நுண்கணிதக் காணொளிகளுக்கு வந்தால் தரம் சரிகிறது. எல்லாமே குறுக்குவழி. கோணம் பூஜ்ஜியத்தை நெருங்கும்போது, சைனைக் கோணத்தால் வகுத்த மதிப்பு 1-ஐ நெருங்கும் என்பதைக் காணொளி ஆசிரியர் லோபிதால் விதியால் (மேலும் கீழும் உள்ளவற்றின் வகைக்கெழுக்களை வகுத்து எல்லை மதிப்பு காணும் விதி) ஒரே வரியில் முடித்துவிடுகிறார். விடை சரிதான், ஆனால் அந்த விதியைப் பயன்படுத்த சைனின் வகைக்கெழு தெரிய வேண்டும், அந்த வகைக்கெழுவைக் கண்டுபிடிக்கவோ இதே எல்லை மதிப்பு வேண்டும். நிரூபிக்க வேண்டியதை வைத்தே நிரூபிக்கும் இந்தச் சுழற்சியை ஆசிரியராகப் போகிறவர் பிடித்துக்காட்ட வேண்டாமா? ஓரலகு ஆரமுள்ள வட்டத்தை வரைந்து, ஒரு குறுங்கோணத்துக்கு உள் முக்கோணம், வட்டக்கோணப் பகுதி, வெளி முக்கோணம் என்ற மூன்றின் பரப்புகளையும் ஒப்பிட்டால் போதும். ரேடியன் அளவில் கோணம் சைனைவிடப் பெரியது, டேன்ஜென்ட்டைவிடச் சிறியது என்பது கண்ணெதிரே தெரியும். அதிலிருந்து அந்த ஈவு கொசைனுக்கும் 1-க்கும் இடையில் அகப்பட்டுக்கொள்கிறது. கோணம் சுருங்கச் சுருங்க கொசைன் 1-ஐ நோக்கிப் போவதால் ஈவுக்கும் வேறு வழியில்லை. ரேடியன் அளவு எதற்கு என்ற கேள்விக்கான பதிலும் இந்தப் படத்திலேயே கிடைத்துவிடுகிறது. கரும்பலகையில் ஐந்து நிமிடம் பிடிக்கும் இந்த விளக்கம் காணொளியில் எங்குமே இல்லை. தொடர்ச்சி, வகையிடத்தக்க தன்மை ஆகியவற்றிலும் இதே அவசரம்தான். இந்த அலகுகளை நான் பழைய கல்லூரிப் பாடநூலை வைத்தே படித்தேன். மற்றவர்களுக்கும் அதையே சொல்வேன்.

வடிவியல் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. டச்சுக் கல்வியியலாளர்களான பியர் வான் ஹீலே, டினா வான் ஹீலே இணையர் 1957-இல் முன்வைத்த வடிவியல் சிந்தனை நிலைகள் பட்டியலாகத் தரப்பட்டுள்ளன, மனப்பாடம் செய்யச் சொல்லி. ஆனால் சாய்த்து வரைந்த சதுரத்தைச் 'சதுரம் இல்லை' என்று சொல்லும் பிள்ளையும், 'சதுரமும் ஒரு செவ்வகம்தான்' என்பதை ஏற்க மறுக்கும் பிள்ளையும் எந்தெந்த நிலையில் நிற்கிறார்கள், அவர்களுக்கு என்ன வேலை கொடுக்கலாம் என்ற பயிற்சி ஒன்றுகூட இல்லை. விடைத்தாள் பகுதியைத் தயாரித்தவர்களிடமே இதையும் ஒப்படைத்திருக்கலாம் என்று தோன்றியது. நிகழ்தகவு, புள்ளியியல், அணிகள் ஆகியவை குறைசொல்ல இடமில்லாமல் இருக்கின்றன.

வினா வங்கியில் விடைப் பிழைகள் உண்டு. ஓர் எண்ணிலிருந்து 5-ஐக் கழித்து, வர்க்கப்படுத்தி, வர்க்கமூலம் எடுத்தால் என்ன கிடைக்கும் என்ற கேள்விக்கு, அந்த எண் 5-ஐவிடச் சிறியது என்று வினாவிலேயே சொல்லியிருந்தும், மட்டு மதிப்பை (குறி நீக்கிய அளவை) கவனிக்காமல் குறை எண்ணை விடையாகத் தந்திருந்தார்கள். எழுதித் தெரிவித்தேன், ஒரு வாரத்தில் திருத்திவிட்டார்கள். அதைவிடத் தொல்லை கொடுத்தது கைபேசிச் செயலி. சில வினாக்களில் அடுக்குகள் கீழே இறங்கி, 2-இன் கனம் 23 என்று தெரிகிறது. மாதிரித் தேர்வில் இதனால் இரண்டு வினாக்களை இழந்தேன். கணினித் திரையில் இந்தக் கோளாறு இல்லை. ஆகவே நேரம் குறித்து எழுதும் தேர்வுகளைக் கணினியிலேயே எழுதுங்கள். அதில் வரைபடம் வரையும் கணிப்பான் ஒன்றும் வைத்திருக்கிறார்கள். நீங்கள் எழுதவிருக்கும் தேர்வில் கணிப்பானுக்கு அனுமதி உண்டா, எந்த வகைக்கு என்று விதிகளைப் பார்த்த பின்னரே அதைத் தொட வேண்டும். இல்லையென்றால் கை அதற்குப் பழகிவிடும்.

பயிற்சி வினாக்களின் வரிசையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இயல்பான அமைப்பில் ஒரே தலைப்பில் இருபது வினாக்கள் தொடர்ந்து வருகின்றன. ஐந்தாவது வினாவுக்குப் பிறகு எந்த முறையைப் பயன்படுத்துவது என்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது, தேர்விலோ அந்த யோசனைதான் பாதி வேலை. 2007-இல் ரோரரும் டெய்லரும் வெளியிட்ட ஆய்வில், கணக்குகளைக் கலந்து பயின்றவர்கள் பயிற்சியின்போது அதிகம் தவறினாலும், ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் தலைப்பு வாரியாகப் பயின்றவர்களைத் தெளிவாக முந்தினார்கள். தொகுப்பில் வினாக்களைக் கலந்து தரும் வசதி இருக்கிறது. அமைப்புகளின் அடியில் ஒளிந்திருப்பதால் எனக்கு மூன்றாம் மாதத்தில்தான் கண்ணில் பட்டது. அதை இயக்கியதும் மதிப்பெண் சரிந்தது, மனமும் சோர்ந்தது. விடாமல் தொடர்ந்ததால், கடைசி மாதத்தில் வினாவைப் படித்தவுடன் வழி பிடிபடத் தொடங்கியது. இரண்டாம் மாதத்திலேயே இதை இயக்கிவிடுங்கள்.

ஐயம் தீர்க்கும் சேவையில் பதில் இரண்டு நாளுக்குள் வந்துவிடுகிறது. யார் பதில் எழுதுகிறார் என்பதைப் பொறுத்துத் தரம் மாறுகிறது. பூஜ்ஜியத்தின் காரணீயப் பெருக்கம் (1 முதல் ஓர் எண் வரையுள்ள எல்லா முழு எண்களையும் பெருக்கி வருவது அந்த எண்ணின் காரணீயம்) 1 ஆவது ஏன் என்று கேட்டபோது, 'அப்படி வரையறுத்திருக்கிறார்கள்' என்று ஒருவர் முடித்துக்கொண்டார். மீண்டும் கேட்டதற்கு வேறொருவர், 4-இன் காரணீயம் 24, அதை 4-ஆல் வகுத்தால் 3-இன் காரணீயமான 6, அதை 3-ஆல் வகுத்தால் 2, அதை 2-ஆல் வகுத்தால் 1, கடைசியாக 1-ஐ 1-ஆல் வகுத்தால் பூஜ்ஜியத்தின் காரணீயம் என்று படிப்படியாக இறங்கிக் காட்டினார். முதல் பதிலோடு விட்டுவிடாதீர்கள்.

அண்மையில் கணிதப் பட்டம் முடித்தவருக்கு இதன் காணொளிகள் தேவையில்லை. வினா வங்கி மட்டும் தனியாகக் கிடைத்தால் அதுவே போதும். பொறியியல் போன்ற துறைகளிலிருந்து வருபவருக்கு நிரூபணப் பயிற்சிக்கு இது ஈடுகொடுக்காது. நீண்ட இடைவெளிக்குப் பின் திரும்புபவருக்கு ஆறு மாதமும் முழுமையாகத் தேவைப்படும். விடைத்தாள் பகுதியைச் சந்தா முடியும் முன் அச்சிட்டுக்கொள்ள அனுமதி இருக்கிறது. நான் அச்சிட்டு ஒரு கோப்பில் வைத்திருக்கிறேன். வர்க்கமூலக் கணக்கை இந்த வாரம் வகுப்பில் கொடுத்தபோது, −2 எங்கிருந்து வந்தது என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து கேட்டான்.