தம்பிக்காக ஒரு வீடு, ஒரு டிரஸ்ட்: சென்னையில் யாரிடம் போனேன், என்ன நடந்தது

என் தம்பிக்கு அறிவுத்திறன் குறைபாடு. அம்மாவோடு மடிப்பாக்கத்தில் இருக்கிறான். அம்மாவுக்கும் வயதாகிறது. வாடகை வரும்படி ஒரு பிளாட் வாங்கி, அந்தப் பணம் அவன் காலம் முழுக்க அவனுக்கே போய்ச் சேர வழி செய்யவேண்டும் என்றுதான் இந்த முறை சிட்னியிலிருந்து ஊருக்குப் போனேன். அவன் பெயரில் வாங்கினால் நாளைக்கு வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது யார்? அதனால் டிரஸ்ட் என்று முடிவு செய்திருந்தேன்; அதாவது, சொத்து டிரஸ்டிகள் என்ற பொறுப்பாளர்கள் கையில் இருக்கும், பலன் பயனாளிக்குப் போகும். எந்த வகை டிரஸ்ட் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

சிட்னியில் முதலீட்டு வீடு என்றாலே பலரும் சொல்வது டிஸ்கிரிஷனரி டிரஸ்ட். அந்த வருட வருமானத்தில் யாருக்கு எவ்வளவு என்பதை டிரஸ்டி முடிவு செய்வார், அந்தப் பணத்தைப் பெறுகிறவர்கள் அவரவர் வீதத்தில் வரி கட்டுவார்கள். சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் நில வரிக்கான விலக்கு வரம்பு அதற்குக் கிடைக்காது, நஷ்டத்தை நம் சம்பளத்தில் கழிக்கவும் முடியாது. இருந்தும் அதற்குத்தான் மவுசு.

ஓஎம்ஆரில் வெளிநாட்டுத் தமிழர்களுக்கென்றே நடக்கும் ஒரு நிறுவனத்தில் அதே வகையில் ஒரு மாதிரிப் பத்திரத்தை நீட்டினார்கள். பெயர்களை நிரப்பினால் போதுமாம். வீடு யாருக்காக என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு அது உறுத்தியது. பணம் கட்டாமல் பத்திரத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மேற்கு மாம்பலத்தில், தோழி சொன்ன ஆடிட்டர் பெரியவர் முதலில் கேட்டதே "இந்த வீடு யாருக்கும்மா?" என்றுதான். தம்பியைப் பற்றிச் சொன்னதும் பத்திரத்தை மூடி வைத்துவிட்டார். இந்தியாவில் பங்கு இன்னாருக்கு இவ்வளவு என்று நிச்சயிக்காத டிரஸ்ட் என்றால், பொதுவாக முதல் ரூபாயிலிருந்தே உச்ச வீதத்தில் வரி. 1961 வருமான வரிச் சட்டத்தில் 164ஆம் பிரிவாக இருந்த விதி அது. உயில் மூலம், நம்மை நம்பியிருக்கும் உறவினருக்கு மட்டுமே எழுதும் ஒரே டிரஸ்ட் என்றால் விலக்கு உண்டு. ஆனால் உயில் நம் காலத்துக்குப் பிறகுதானே பேசும்? பங்கை நிச்சயித்து எழுதினாலோ, அதே சட்டத்தில் 161ஆம் பிரிவாக இருந்த விதிப்படி பயனாளிக்கு உள்ள வீதம்தான். தம்பிக்கு வேறு வருமானம் இல்லை. 2025-26இல் புதிய வரி முறையில் 4 லட்சம் ரூபாய் வரை வரியே கிடையாது. சிட்னியில் சாதகமான வகை சென்னையில் அவன் வாடகையைத் தின்றிருக்கும். நினைத்தாலே பதறுகிறது.

பத்திரம் எழுதியது தம்புச் செட்டித் தெருவில் ஒரு பெண் வக்கீல். மாடிப்படி செங்குத்து, அம்மாவை அழைத்துப் போகாதீர்கள். மாதிரிப் பத்திரத்தை வரி வரியாகப் படித்து, பென்சிலால் அடித்துக்கொண்டே வந்தார். "மற்றும் டிரஸ்டிகள் தகுதியெனக் கருதும் பிறர்" என்ற வரியில் பென்சில் நின்றது. "மேடம், இது இருந்தா உங்க தம்பிக்கு மட்டும்னு சொல்ல முடியாது" என்று அதை முழுசாக அடித்தார். உறவினரின் நலனுக்காக மட்டுமே அமைந்த டிரஸ்ட் என்றால்தான் நான் போடும் பணத்துக்கு, அன்பளிப்பாக வந்த வருமானம் என்று வரி வராது.

என்னை டிரஸ்டியாகப் போடவேண்டாம் என்றதும் அவர்தான். 1882ஆம் வருட இந்திய டிரஸ்ட் சட்டத்தின் 48ஆம் பிரிவின்படி, பத்திரத்தில் வேறு மாதிரி சொல்லாவிட்டால் டிரஸ்டிகள் எல்லோரும் சேர்ந்தே செயல்படவேண்டும். குழாய் ரிப்பேருக்கும் சிட்னியில் கையெழுத்துக்கு அலைய முடியுமா? தங்கையும் சித்தப்பா மகனும் டிரஸ்டிகள். வாங்க, விற்க, வாடகைக்கு விட அதிகாரம் தனித்தனியாக எழுதியிருக்கிறது. தம்பிக்குச் சட்டப்படி கார்டியன் நியமிக்க, 1999ஆம் வருட தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி கலெக்டர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவில் மனுப் போடவும் சொன்னார்.

அவர் சொன்ன இன்னொன்று பெரிய செலவை மிச்சப்படுத்தியது. வீட்டை என் பெயரில் வாங்கிப் பிறகு டிரஸ்ட்டுக்கு மாற்றினால் முத்திரைத் தீர்வை இரண்டு முறை. குடும்பத்துக்குள் சொத்தை எழுதிக் கொடுக்கும் செட்டில்மென்ட் பத்திரத்துக்கான தீர்வைச் சலுகை டிரஸ்ட்டுக்கு வராது. முதலில் பணத்தை டிரஸ்ட்டில் போட்டு, டிரஸ்ட்டே வாங்கினால் 7 சதவீதத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் ஒரே முறையோடு முடிந்தது.

டிரஸ்ட் பத்திரத்தைப் பதிவு செய்யப் போன சார்பதிவாளர் அலுவலகத்தில், இணையத்தில் எடுத்த டோக்கன் நேரத்துக்குக் கூப்பிட்டார்கள். கைரேகை, போட்டோ, வேலை முடிந்தது. சிக்கல் வங்கியில். டிரஸ்ட் என்றதும் தர்ம ஸ்தாபனங்களுக்கான 12ஏ பதிவைக் கேட்டார்கள். இது குடும்ப டிரஸ்ட் என்று தங்கை எத்தனை சொன்னாலும் அந்தக் கிளையில் ஏறவில்லை. வேறொரு வங்கியில் பத்திரம், டிரஸ்ட் பெயரில் பான், டிரஸ்டிகளின் ஆவணங்கள் வைத்ததும் கணக்கு திறந்தார்கள். வங்கிக்குப் போகும்போது, இது குடும்ப டிரஸ்ட் என்று வக்கீலிடம் ஒரு கடிதம் வாங்கிப் போங்கள்.

பெரும்பாக்கத்தில் பிளாட் பார்த்தாயிற்று. தாய்ப்பத்திரம், வில்லங்கம் வக்கீல் பார்வையில் இருக்கின்றன. கிரயத்துக்கு நான் வரவேண்டியதில்லை, தங்கை பார்த்துக்கொள்வாள்.

ஆஸ்திரேலிய வரிக் கணக்கு பற்றி ஆடிட்டரிடம் கேட்டபோது, "அது எனக்குத் தெரியாதும்மா, அங்கேயே கேளுங்க" என்றார். அந்த நேர்மைக்காகவே அவரிடம் போகலாம். ஆஸ்திரேலியாவில் வசிப்பவர் வெளிநாட்டு டிரஸ்ட்டுக்குப் பணம் கொடுத்தால், அதன் வருமானத்தை அவர் தலையிலேயே ஏற்றும் விதிகள் உண்டு. வருடாந்திர வரிப் படிவத்தில் அதற்கென்றே ஒரு கேள்வி இருக்கிறது. பணத்தை அனுப்புவதற்கு முன்பே அங்குள்ள அக்கவுண்டன்ட்டிடம் பத்திர நகலைக் கொடுத்து எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள்.