கூஸ்நெக் ஹிட்ச் நாமளே மாட்டணும்னா பெட்டுக்கு அடியிலயா, மேலயா?

கூஸ்நெக் ஹிட்ச்னா பிக்கப் டிரக்கோட பின்னாடி சரக்கு ஏத்தற தட்டுல (பெட்) ட்ரெய்லரை மாட்டறதுக்கான உருண்டை (பால்) உள்ள ஹிட்ச். முதல்ல உங்க பெட்டைப் பாருங்க. நடுவுல பெருசா ஒண்ணும் சுத்தி நாலுமா ஓட்டை விட்டு மூடி போட்டிருந்தா கம்பெனியே எல்லாம் ரெடி பண்ணிட்டான், உங்க வண்டிக்குன்னு உள்ள ஹிட்ச் பாலை நடு ஓட்டையில இறக்கி லாக் பண்ணி, ரெண்டு பக்கமும் சேஃப்டி செயின் கொக்கியைப் போட்டா வேலை முடிஞ்சுது. ஃபோர்டு பிக்கப்புக்கு உள்ள பால் ராம் பிக்கப்ல உக்காராது, அதை மட்டும் பாத்து வாங்குங்க.

அது இல்லாத வண்டின்னா தான் கேள்வியே. பெட் மேல ரெயில் போட்டு அதுல பால் பிளேட்டை மாட்டுறது ஒரு வழி. ஃபிஃப்த் வீலுக்காக (பெட்ல மாட்டற இன்னொரு வகை ஹிட்ச்) ஏற்கனவே ரெயில் இருந்தா தாராளமா பண்ணுங்க, ஆனா கூஸ்நெக்குக்குன்னே புதுசா ரெயில் போடறது எனக்குப் பிடிக்கல, ட்ரெய்லர் இல்லாத நாள்ல ஒரு பிளைவுட் ஷீட்டைக் கூட பெட்ல தட்டையா படுக்க வைக்க முடியாது.

என் ஓட்டு அடியில மாட்டுற டைப்புக்குத் தான். வேலை ஜாஸ்தி, மறுக்கல, ஸ்டெப்னியை இறக்கணும், பின் வீல் உள்பக்க பிளாஸ்டிக்கைக் கழட்டணும், சில வண்டில சைலன்சர் பைப்பையும் கொஞ்சம் லூஸ் பண்ணணும், நடு பீஸ் செம கனம், ஜாக்கியும் கூட ஒரு ஆளும் இல்லாம தூக்காதீங்க. ஆனா நிறைய கிட்ல சேசிஸ்ல புதுசா ஓட்டை போட வேண்டியதில்ல, இருக்கற ஓட்டையிலயே போல்ட் ஏறிடும். பெட்ல மட்டும் வட்டமா வெட்டற ஹோல் சா வச்சு சுமார் 4 இன்ச் ஓட்டை. அங்க தான் பதறாம இருக்கணும், கிட் பேப்பர்ல உள்ள அளவை ரெண்டு தடவை அளந்து, சின்ன பிட்டால துளை போட்டு, கீழ குனிஞ்சு பிரேக் பைப், ஒயர், டேங்க் எதுவும் நேரா இல்லன்னு பாத்துட்டு அப்புறம் பெரிய ஓட்டை. பிசிறை அரத்தால தேச்சு வெட்டின ஓரத்துக்கு பெயிண்ட் அடிங்க, இல்லன்னா ஸ்டீல் பெட் அங்கிருந்து தான் துரு பிடிக்கும். போல்ட்டைக் கடைசியா டார்க் ரெஞ்ச்ல (சொன்ன அளவுக்கு முறுக்கற ஸ்பேனர்) தான் முறுக்கணும், இம்பாக்ட் கன்னை நம்பி விட்டுடாதீங்க. வேலை இல்லாதப்ப பாலைத் தலைகீழா திருப்பிப் போட்டா பெட் தட்டையா ஆயிடும்.

ஹிட்ச்ல 30,000 பவுண்ட்னு போட்டிருக்கேன்னு அவ்ளோ ஏத்திடாதீங்க, ட்ரெய்லர் எடைல 20-25 சதவீதம் நேரா பெட் மேல உக்காரும், 12,000 பவுண்ட் ட்ரெய்லர்னா 2,400 லேர்ந்து 3,000 வரைக்கும், டிரைவர் கதவு ஓரத்துல உள்ள ஸ்டிக்கர்ல பேலோட் (வண்டி தாங்கற சுமை) அதைத் தாங்குதான்னு பாத்துட்டு கிட் வாங்குங்க.