இரட்டைக் கோபுரக் கூலர்கள் மூன்று: அமைதிக்கு எது, பணத்துக்கு எது?

மேசைக் கணினியின் பிராசசருக்குச் சத்தமில்லாத, அதே நேரத்தில் வலுவான கூலர் தேடுகிறவர் முன்னால் இன்று பெரும்பாலும் மூன்று பெயர்கள் வந்து நிற்கின்றன: ஆஸ்திரிய நிறுவனமான நாக்டுவாவின் என்எச்-டி15 ஜி2, ஜெர்மனியின் ‘பி கொயட்!’ நிறுவனம் செய்யும் டார்க் ராக் ப்ரோ 5, தைவானின் தெர்மல்ரைட் செய்யும் ஃபாண்டம் ஸ்பிரிட் 120 எஸ்ஈ. அமைப்பில் மூன்றும் ஒரே குடும்பம்தான். பிராசசரின் மேல் அமரும் செம்பு அடித்தகட்டிலிருந்து ஹீட்பைப்புகள் எழுந்து, இரண்டு கோபுரங்களாக அடுக்கப்பட்ட அலுமினியத் தகடுகளுக்குள் செல்கின்றன; குழாய்க்குள் இருக்கும் சிறிதளவு நீர் சூடான முனையில் ஆவியாகி, தகடுகளின் பக்கம் குளிர்ந்து, குழாயின் உட்சுவரிலுள்ள நுண்துளைப் படலத்தின் வழியே மீண்டும் அடிக்குத் திரும்புகிறது. நாக்டுவாவில் இத்தகைய குழாய்கள் 8, மற்ற இரண்டிலும் 7. விலையில்தான் இடைவெளி பெரிது; தெர்மல்ரைட்டின் விலை மற்ற இரண்டில் எதனுடைய விலையிலும் பாதியைக்கூட எட்டுவதில்லை.

பெட்டியின் மேல் அச்சிட்ட எண்களை வைத்து இவற்றை ஒப்பிடுவது வீண் வேலை. டார்க் ராக் ப்ரோ 5 கூலர் 270 வாட் வரையிலான வெப்பத்தைத் தாங்கும் என்று அதன் தயாரிப்பாளர் குறிப்பிடுகிறார்; நாக்டுவாவோ வாட் கணக்கையே தவிர்த்துவிட்டுத் தனக்கென்று வகுத்துக்கொண்ட ஒரு மதிப்பெண்ணைத் தருகிறது. டெசிபல் எண்களும் அப்படித்தான்: எவ்வளவு தொலைவிலிருந்து, எந்தச் சூழலில் அளந்தார்கள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. பொருளுள்ள கேள்வி ஒன்றே ஒன்று: மூன்று கூலர்களும் காதுக்கு ஒரே அளவு சத்தம் தரும்படி விசிறிகளைச் சரிசெய்தால், எதில் பிராசசர் குளிர்ச்சியாக இருக்கிறது?

இந்தக் கேள்விக்குப் பின்னால் இருப்பது விசிறியின் இயல்பு. வேகத்தைப் பாதியாக்கினால் காற்றின் அளவும் ஏறத்தாழப் பாதியாகிறது. ஆனால் சத்தம் 15 டெசிபல் அளவுக்கு இறங்கிவிடுகிறது. நிமிடத்துக்கு 1,500 சுற்றிலிருந்து 1,000 சுற்றுக்கு வந்தாலே 9 டெசிபல் அளவுக்குக் குறைவு தெரியும். ஆகவே பெரிய தகட்டுப் பரப்பின் உண்மையான பயன், விசிறியை மெதுவாகச் சுழலவிட்டும் வெப்பத்தை வெளியேற்ற முடிவதுதான்.

அந்த வகையில் என்எச்-டி15 ஜி2 முன்னணியில் நிற்கிறது. 2014-இல் வந்த பழைய என்எச்-டி15 கூலரின் வாரிசாக 2024-இல் வெளியான இதில் 140 மி.மீ. விசிறிகள் இரண்டு உள்ளன. ஒரே வேகத்தில் சுழல வேண்டிய இரு விசிறிகள் மிகச் சிறிய வேறுபாட்டுடன் சுழலும்போது, ஏறி இறங்கும் ஒரு ரீங்காரம் எழும். டெசிபல் அளவில் அது அற்பமாக இருந்தாலும் காது அதையே பிடித்துக்கொள்ளும். இதைத் தவிர்ப்பதற்காகவே இரண்டு விசிறிகளின் வேகத்தையும் வேண்டுமென்றே சற்று விலக்கி வைத்திருக்கிறார்கள். விலையின் ஒரு பகுதி இத்தகைய நுணுக்கங்களுக்குத்தான் போகிறது. பிராசசரின் மேல்மூடியோடு நன்றாகப் பொருந்துவதற்காக, அடித்தகட்டின் வளைவை வைத்து மூன்று வகைகள் விற்கப்படுகின்றன. எது தேவை என்று உறுதியாகத் தெரியாதவர் சாதாரண வகையை எடுத்துக்கொள்வதே நல்லது. உயரம் 168 மி.மீ., விசிறிகளுடன் எடை ஒன்றரைக் கிலோ. முன் விசிறி ராம் (நினைவகப்) பலகைகளின் மேல் நீட்டிக்கொண்டிருப்பதால், உயரமான ராம் இருந்தால் அந்த விசிறியைச் சற்று மேலேற்றி மாட்ட வேண்டியிருக்கும். அப்போது மொத்த உயரமும் கூடும்.

டார்க் ராக் ப்ரோ 5 கூலரும் 168 மி.மீ. உயரம்தான். முழுக் கறுப்பு நிறமும், அமைதி நிலைக்கும் வேக நிலைக்கும் மாற்றிக்கொள்ளும் சிறிய சுவிட்சும் இதன் சிறப்புகள். விசிறிகளின் ஒலி மென்மையானது. ஆனால் சம ஒலியில் வைத்துப் பார்த்தால் மலிவான தெர்மல்ரைட்டை இது தெளிவாக முந்துகிறது என்று சொல்ல முடியாது. தோற்றத்துக்காக வாங்குவதானால் தாராளமாக வாங்கலாம்.

ஃபாண்டம் ஸ்பிரிட் 120 எஸ்ஈ 154 மி.மீ. உயரமே உள்ளது, 160 மி.மீ.க்கு மேல் இடம் தராத கேபினட்டுகளில் மற்ற இரண்டும் அடங்கா, இது அடங்கும். இதன் 120 மி.மீ. விசிறிகள் முழு வேகத்தில் நன்றாகவே கேட்கும், அவற்றின் ஒலியில் நாக்டுவாவின் நயமும் இல்லை. இருந்தும் பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அமைப்புத் திரையில்) வேகத்தைக் கட்டுப்படுத்திவிட்டால், கடும் வேலையிலும் இதற்கும் என்எச்-டி15 ஜி2-க்கும் உள்ள வேறுபாடு சில டிகிரிகளுக்குள் அடங்கிவிடுகிறது.

அந்த வேறுபாடு ஏன் அவ்வளவு குறைவு என்பதைப் புரிந்துகொண்டால் முடிவெடுப்பது எளிது. இன்றைய பிராசசர்களில் வெப்பம் மிகச் சிறிய சில்லுப் பரப்பில் குவிகிறது. அது சில்லிலிருந்து அதன் மேலுள்ள உலோக மூடியைக் கடந்து அடித்தகட்டை அடைவதே இடுக்கமான வழி, அதற்கு மேலே எத்தனை தகடுகள் இருந்தாலும் அந்த இடுக்கு அகலப்போவதில்லை. ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 7000 வரிசையின் உயர்நிலை பிராசசர்கள், முழுச் சுமையில் 95 டிகிரியைத் தொட்டு அங்கேயே நின்று வேலை செய்யும்படியே வடிவமைக்கப்பட்டவை. எனவே, நல்ல கூலரை மாட்டியும் 95 டிகிரி காட்டுகிறதே என்று பதறுவதில் பொருளில்லை. கூலர் நன்றாக இருந்தால் அதே வெப்பத்தில் பிராசசர் சற்று வேகமாக ஓடும், அவ்வளவே. ரைசன் 9 7950எக்ஸ் போன்ற 170 வாட் பிராசசரை பயாஸில் உள்ள, மின்சக்தியைக் குறைக்கும் ஈக்கோ முறையில் 105 வாட்டுக்கு இறக்கினால் வேகத்தில் சிறிதே இழப்பு நேரும். வெப்பமோ, மேற்சொன்ன கூலர்களுக்கு இடையேயுள்ள வேறுபாட்டைவிடப் பல மடங்கு குறையும்.

சத்தம் பற்றிய புகார்களில் பெரும்பகுதிக்குக் காரணம் கூலர் அல்ல, மதர்போர்டு தானாக வைத்திருக்கும் விசிறி வேக அமைப்பே. ஒரு நிரலைத் திறந்த நொடியில் பிராசசரின் வெப்பம் 15, 20 டிகிரி எகிறி உடனே இறங்குவது இயல்பு. விசிறியும் அதனுடன் சேர்ந்து எகிறி இறங்கினால் அந்த ஏற்ற இறக்கமே எரிச்சலூட்டும். வேகம் மாறுவதற்குச் சில நொடித் தாமதம் வைத்து, 70 டிகிரி வரை விசிறியை ஒரே மெதுவான வேகத்தில் நிறுத்திவிட்டால், மூன்று கூலர்களில் எதுவானாலும் அன்றாட வேலையில் காதுக்கு எட்டாது.

ஆகவே, பெரும்பாலானவர்களுக்கு நான் பரிந்துரைப்பது ஃபாண்டம் ஸ்பிரிட் 120 எஸ்ஈ. காணொளித் தொகுப்பு, முப்பரிமாணப் படவாக்கம் என்று மணிக்கணக்கில் பிராசசரை முழுச் சுமையில் ஓட்டிக்கொண்டு, அந்த நேரம் முழுவதும் கணினியின் அருகிலேயே அமர்ந்திருப்பவர்கள் என்எச்-டி15 ஜி2-க்குக் கூடுதல் பணம் தரலாம். நாக்டுவா தரும் 6 ஆண்டு உத்தரவாதமும் அந்தக் கணக்கில் சேரும். நாக்டுவாதான் வேண்டும், ஆனால் கேபினட்டில் 160 மி.மீ. மட்டுமே இடம் என்றால், 158 மி.மீ. உயரமுள்ள ஒற்றைக் கோபுர என்எச்-யு12ஏ இருக்கிறது. அது ராம் பலகைகளையும் மறைப்பதில்லை.