மேலதிக வாரண்டியா, கையிருப்புக் காசா? யாழ்ப்பாணத்தில் புது வாகனம் எடுப்பவருக்கு ஓர் ஒப்பீடு

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்தது. அதன் பிறகு யாழ்ப்பாணத்து வீதிகளில் புது வாகனங்கள் கூடிக்கொண்டே வருகின்றன. வரிகளோடு சேர்ந்து வரும் விலையைக் கட்டி முடிக்கவே பலருக்கு மூச்சு முட்டுகிறது. அந்த நேரத்தில்தான் விற்பனையாளர் இன்னொரு தாளை நீட்டுகிறார். "ஐயா, மேலதிக வாரண்டியையும் லீசிங்கோடை சேர்த்துவிட்டால் மாதத்துக்குப் பெரிசாத் தெரியாது" என்கிறார். கையெழுத்துப் போடுவதா, விடுவதா?

இதில் மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, வாகன முகவரே விற்கும் மேலதிக வாரண்டி. இரண்டாவது, தயாரிப்பாளரோடு தொடர்பில்லாத வேறொரு நிறுவனமோ, வாகனத்தை இறக்கி விற்றவரோ தரும் வாரண்டி. மூன்றாவது, எதையும் வாங்காமல் அந்தக் காசை வங்கியில் போட்டுவைத்து, பழுது வந்தால் அதிலிருந்து செலவழிப்பது. கொழும்பில் இருப்பவருக்குச் சரியாக வரும் விடை இங்கே சரியாக வராது. யாழ்ப்பாணத்தில் கட்டணத்தைவிட, பழுதுபட்ட வாகனத்தை எங்கே கொண்டுபோய்த் திருத்துவது என்பதே பெரிய விடயம் என்பது என் எண்ணம்.

முதலில் காசுக் கணக்கைப் பார்ப்போம். பெரும்பாலான புது வாகனங்களுக்குத் தயாரிப்பாளரின் வாரண்டி ஏற்கெனவே இருக்கும். 3 ஆண்டு அல்லது 100,000 கிலோமீற்றர், எது முதலில் வருகிறதோ அது, என்பது பரவலாகக் காணப்படும் அளவு. மேலதிக வாரண்டி அது முடிந்த பிறகுதான் தொடங்கும். அதாவது இன்றைக்குக் காசு கட்டினால், நான்காம் ஆண்டில்தான் அதற்கு வேலை வரும். உதாரணத்துக்குக் கட்டணம் 200,000 ரூபா என்று வைப்போம். அதை 14 வீத வட்டியில் 5 ஆண்டு லீசிங்கில் சேர்த்தால் மாதம் ஏறத்தாழ 4,650 ரூபா வரும். கட்டி முடிக்கும்போது மொத்தம் 279,000 ரூபா ஆகியிருக்கும். அதே 200,000 ரூபாவை 8 வீத நிலையான வைப்பில் போட்டால், மூன்று ஆண்டு முடிவில், வரி கழிய முன் ஏறத்தாழ 252,000 ரூபாவாகக் கையில் இருக்கும். "பெரிசாத் தெரியாது" என்ற கதைக்குள் இவ்வளவும் அடங்கியிருக்கிறது.

பல முகவர்கள் தயாரிப்பாளரின் வாரண்டி முடியும் முன் எப்போது வேண்டுமானாலும் மேலதிக வாரண்டியை விற்பார்கள். சிலர் முதல் ஆண்டுக்குள், அல்லது குறிப்பிட்ட கிலோமீற்றருக்குள் என்று எல்லை வைப்பார்கள். கடைசித் திகதி எது, அப்போது விலை எவ்வளவு கூடும் என்று கேட்டு எழுதி வாங்கிவிட்டால், சாவி வாங்கும் நாளிலேயே முடிவெடுக்கத் தேவையில்லை. வாகனம் எப்படிப்பட்டது என்பது ஓரிரு வருடம் ஓட்டினாலே தெரிந்துவிடும்.

அடுத்தது, நீங்கள் ஓடும் தூரம். சாவகச்சேரியில் இருந்து நகரத்து அலுவலகத்துக்கு வந்துபோகும் ஒருவர், கோயில் குளம், கல்யாண வீடு எல்லாம் சேர்த்தும் வருடத்துக்கு 10,000 கிலோமீற்றரைத் தாண்டுவது அரிது. அவருக்கு 3 ஆண்டு முடியும்போது 100,000 இல் மூன்றில் ஒரு பங்குகூட ஓடியிருக்காது. ஓட்டத்தால் தேயும் பாகங்கள் அப்போதும் பெரிதாகத் தேய்ந்திருக்காது. வெயிலாலும் வயதாலும் போகும் சென்சர், றப்பர், மின்னணுப் பெட்டிகள்தான் அவருக்கு ஆபத்து. கிழமைக்கு ஒருதரம் கொழும்புக்கு ஓடுபவரின் கதை வேறு. போய்வர 800 கிலோமீற்றர் என்றால் வருடத்துக்கு 41,000க்கு மேல். இரண்டரை வருடம் ஆகும் முன்பே அவருடைய 100,000 முடிந்துவிடும். அவருக்கு மேலதிக வாரண்டியின் ஆண்டுக் கணக்கால் பயனில்லை, கிலோமீற்றர் எல்லை எவ்வளவு கூடுகிறது என்பதைத்தான் அவர் பார்க்க வேண்டும்.

இனித் தூரத்தின் இன்னொரு பக்கம். முகவரின் வாரண்டி என்றால் திருத்த வேலை முகவரின் வேலைத்தளத்தில்தான் நடக்கும். சில வாகனங்களுக்கு யாழ்ப்பாணத்தில் சேர்விஸ் நிலையம் இருக்கிறது. ஆனால் எண்ணெய் மாற்றுவதும் பிரேக் பார்ப்பதும் ஒன்று, ஹைபிரிட் பற்றரியைக் கழற்றுவது வேறொன்று. பெரிய வேலை வந்தால் "கொழும்புக்கு அனுப்ப வேண்டும்" என்பார்கள். கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். கரியரில் ஏற்றி அனுப்பும் காசு யாருடையது? வாகனம் அங்கே நிற்கும் நாட்களில் நீங்கள் எதில் போவீர்கள்? பெரும்பாலான ஒப்பந்தங்களில் பாகமும் கூலியும் இருக்கும், ஏற்றிச் செல்லும் செலவு இருக்காது, அல்லது ஓர் எல்லைவரை மட்டும் இருக்கும். இந்த ஒரு வரி யாழ்ப்பாணத்தவருக்கு ஒப்பந்தத்தின் மற்றப் பக்கங்கள் எல்லாவற்றையும்விட முக்கியம். பாகம் இலவசமாகக் கிடைத்தும், கரியர் கூலியும் அலைச்சலும் சேர்ந்து உள்ளூர் கராஜில் காசு கொடுத்துத் திருத்தியதைவிடக் கூட முடிந்தால், அந்த வாரண்டி உங்களுக்கு நட்டம்தான்.

எது அடங்கும், எது அடங்காது என்பதிலும் பலர் ஏமாறுகிறார்கள். கிளச் தட்டு, பிரேக் பட்டை, வைப்பர், ரயர், பல்பு, 12 வோல்ட் பற்றரி எல்லாம் தேய்மானப் பொருட்கள் என்று வெளியே தள்ளப்படும். விபத்தும் வெள்ளமும் அடங்காது. 2024 நவம்பரில் வந்தது போல ஒரு வெள்ளத்தில் இஞ்சினுக்குள் தண்ணீர் போனால், வாரண்டிக்காரர் காப்புறுதிக்காரரைத்தான் கைகாட்டுவார். காப்புறுதியிலும் இயற்கை அனர்த்தம் சேர்க்கப்பட்டிருந்தால்தான் கேட்கலாம். மறுபக்கம், "புல் இன்சூரன்ஸ் இருக்குத்தானே, வாரண்டி எதுக்கு?" என்று கேட்பவர்களும் உண்டு. முழுக் காப்புறுதி விபத்துக்கும் களவுக்கும் உரியது. கியர்பெட்டி தானாகப் பழுதானால் அது ஒரு சதமும் தராது.

எங்கள் ஊருக்கே உரிய சில காரணங்களாலும் வாரண்டி மறுக்கப்படலாம். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருவது. கேத்திலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படை, கூலன்டுக்கு (இஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) பதிலாகக் கிணற்றுத் தண்ணீர் விட்ட ரேடியேற்றரிலும் படியும். சூடேறி ஹெட் கஸ்கட் (இஞ்சினின் மேல் பகுதியை அடைத்திருக்கும் தகடு) போனால், மூடியைத் திறந்து பார்க்கும் மெக்கானிக்குக் காரணம் உடனே தெரிந்துவிடும். அது பராமரிப்புக் குறை, வாரண்டி கிடையாது. ஹைபிரிட் வாகனங்கள் பலவற்றில் பற்றரியைக் குளிர்விக்கும் காற்று பின் ஆசனத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சிறு சல்லடை வழியாகத்தான் உள்ளே போகிறது. செம்மண் புழுதி அடைந்தாலோ, சந்தையால் வரும்போது மூட்டையை அதன்மேல் சாய்த்து வைத்தாலோ பற்றரி சூடாகிக் கெதியாகச் சாகும். அந்தச் சல்லடையைத் துப்புரவாக்கியதற்கு சேர்விஸ் சீட்டில் ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். பண்ணைப் பாலம் வழியாகத் தீவுப் பக்கம் தினமும் போய்வருபவர்களுக்கு உப்புக் காற்று அடித்தட்டைத் தின்னும். துருவும் பெரும்பாலும் அடங்காத பட்டியலில்தான் இருக்கும்.

இரண்டாவது வழி பற்றி நீட்டத் தேவையில்லை. ஜப்பானில் இருந்து வரும் பாவித்த வாகனங்களுக்கு, தயாரிப்பாளர் ஜப்பானில் கொடுத்த வாரண்டி இங்கே செல்லாது. இங்குள்ள முகவருக்கும் அதைப் பார்க்கும் கடமை இல்லை. அதனால் விற்பவர் தரும் "இஞ்சின், கியர்பெட்டி வாரண்டி" என்பது அவருடைய சொந்த வாக்கு மட்டுமே. அவருடைய கடை மூன்று வருடத்தின் பின்னும் அதே இடத்தில் இருந்தால்தான் அந்தத் தாளுக்குப் பெறுமதி. வெளி நிறுவனங்களின் திட்டங்களில் ஒரு பழுதுக்கு இவ்வளவு, மொத்தம் இவ்வளவு என்று உச்ச எல்லை இருக்கும். கழற்ற முன் அனுமதி எடுக்க வேண்டும், முதல் இவ்வளவு ரூபா உங்கள் கையால் என்றும் இருக்கும். உச்ச எல்லை ஒரு ஹைபிரிட் பற்றரியின் விலைக்குக் கீழே இருந்தால், நீங்கள் பயப்படும் அந்த ஒரு பழுதுக்கே அது போதாது. நான் இதை வாங்கச் சொல்லமாட்டேன்.

மூன்றாவது வழிக்கு யாழ்ப்பாணம் நல்ல இடம். இறக்குமதி நின்ற வருடங்களில் பழைய வாகனங்களை ஓட வைத்தே எங்கள் கராஜ்காரர்கள் கை தேர்ந்துவிட்டார்கள். சாதாரண பெற்றோல் இஞ்சின், கைக்கியர் வாகனம் என்றால், அதில் வரக்கூடிய பழுதில் பெரும்பகுதியை உள்ளூரிலேயே நியாயமான கூலிக்குத் திருத்தலாம். வாரண்டிக் கட்டணத்தைத் தனிக் கணக்கில் போட்டுவைத்தால், பழுது வராவிட்டால் காசு உங்களுடையது. கிணற்று மோட்டர் போனாலும் அதையே எடுக்கலாம். அதுவே இதன் பலவீனமும். பிள்ளையின் ரியூசன் காசுக்கும், வீட்டுக் கொண்டாட்டத்துக்கும் அந்தக் கணக்கைத் தொடுபவராக இருந்தால், நான்காம் ஆண்டில் அதில் ஒன்றும் மிஞ்சாது. உங்களைப் பற்றி உங்களுக்குத்தான் தெரியும்.

சரி, வாகனத்தைப் பொறுத்து என் முடிவைச் சொல்கிறேன். முகவரிடம் எடுத்த புது ஹைபிரிட், அந்த முகவருக்கு ஹைபிரிட் வேலை செய்யக்கூடிய வேலைத்தளம் யாழ்ப்பாணத்தில் உண்டு என்றால், வாங்குங்கள். ஆனால் கடைசித் திகதிக்குக் கிட்டவாக, லீசிங்கில் சேர்க்காமல் கைக்காசாக. இன்வேட்டர் (பற்றரி மின்சாரத்தை மோட்டருக்கு ஏற்றபடி மாற்றும் கருவி), பற்றரி, ஹைபிரிட் கியர்பெட்டி மூன்றில் ஒன்று போனாலே கட்டணத்தைவிடக் கூடிய செலவு வரலாம், உள்ளூர் கராஜில் எல்லாராலும் அதில் கை வைக்க முடியாது. பெரிய வேலைக்குக் கொழும்புதான் போகவேண்டும் என்றால், ஏற்றிச் செல்லும் செலவும் அடங்கினால் மட்டும் வாங்குங்கள்.

முழு மின்சார வாகனம் எடுப்பவர்கள் பற்றரிக்குப் பயந்துதான் மேலதிக வாரண்டி பற்றிக் கேட்கிறார்கள். அந்தப் பயம் அநேகமாகத் தேவையில்லாதது. பற்றரிக்கு 8 ஆண்டு அல்லது 160,000 கிலோமீற்றர் என்று தயாரிப்பாளரே தருவது இன்று உலகெங்கும் வழமை. கொள்ளளவு 70 வீதத்துக்குக் கீழே போனால் பொறுப்பு என்று பலர் எழுதியும் தருகிறார்கள். அது இலங்கையில் விற்கும் உங்கள் வாகனத்துக்கும் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மேலதிக வாரண்டிக்கு வேலை இருப்பது வாகனத்துக்குள் இருக்கும் சார்ஜர், குளிர்சாதனக் கொம்பிரெஸர், பெரிய திரை போன்றவற்றில்தான். அவை பட்டியலில் இல்லாவிட்டால் காசைக் கொடுக்காதீர்கள்.

சின்னப் பெற்றோல் கார், கைக்கியர்: வேண்டாம். அதே கார் சி.வி.டி. கியர் (பெல்ட்டில் ஓடும் தானியங்கிக் கியர்) என்றால் கொஞ்சம் யோசிக்கலாம், அந்தக் கியர்பெட்டி கெட்டால் செலவு பெரிது. மோட்டார் சைக்கிளுக்கும் ஓட்டோவுக்கும் நேரத்துக்கு எண்ணெய் மாற்றினாலே போதும்.

வாடகைக்கு ஓடுபவர்கள் ஒரு வரியைத் தேடிப் பாருங்கள்: வர்த்தகப் பாவனைக்குச் செல்லாது. வெளிநாட்டில் இருந்து வரும் உறவுகளை ஏற்றி இறக்கக் காசு வாங்குவதும் அதற்குள் வரும். வாங்கிய பிறகு "அது வீட்டுக்கு எடுத்த வான்" என்று வாதாட முடியாது, கிலோமீற்றர் மீற்றரே காட்டிக்கொடுக்கும்.

வெளிநாட்டில் இருந்து காசு அனுப்பும் அண்ணனோ அக்காவோ தொலைபேசியில் "அதுகளெல்லாம் வீண், எடுக்காதை" என்றோ, "கட்டாயம் போடு" என்றோ சொல்லுவார்கள். ரொறன்ரோவிலோ லண்டனிலோ அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். அங்கே அடுத்த தெருவில் இன்னொரு டீலர் இருப்பார். அவர்களின் சொல்லை வைத்து இங்கே முடிவெடுக்காதீர்கள்.

விற்கும் எண்ணம் உள்ளவர்கள் வாரண்டி அடுத்த உரிமையாளருக்கு மாறுமா என்று கேளுங்கள். இரண்டு வருட வாரண்டி மீதியோடு விற்கும் வாகனத்தை வாங்க ஆள் தேடி வரும். மாற்றக் கட்டணம் உண்டென்றால் அதையும் இப்போதே எழுத்தில் வாங்குங்கள்.

கடைசியாக ஒன்று. யாழ்ப்பாணத்தில் எந்த வேலைத்தளம், எந்தப் பழுதுவரை அங்கே செய்யப்படும், கரியர் செலவு யாருடையது என்ற மூன்றுக்கும் விற்பனையாளரின் வாய்ச்சொல் போதாது, நிறுவனத்தின் கடிதத் தலைப்பில் பதில் வேண்டும். அந்தக் கடிதம் கையில் இருந்தால், வாரண்டியை நியாயமில்லாமல் மறுக்கும்போது பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வாரண்டி மீறல் பற்றிய முறைப்பாடுகளை விசாரிக்கும் அதிகாரம் அதற்கு உண்டு, தொலைபேசி 1977. முறைப்பாட்டை எழுத்தில், தாமதிக்காமல், சேர்விஸ் சீட்டுகளின் பிரதிகளோடு கொடுங்கள்.