இதயத் துளையா, மீன் செதிலா? போலந்துக் குதிரைப்படையின் தலைக்கவசங்கள்

போலந்தின் ஹுஸார் குதிரைவீரர்கள் என்றாலே முதுகில் கட்டிய இறகுச் சிறகுதான் எல்லோருக்கும் நினைவு வரும். எனக்கோ அவர்கள் தலையில் இருந்ததன் மீதுதான் கண்.

17ஆம் நூற்றாண்டில் பரவலாக இருந்தது ஷிஷாக் என்ற தலைக்கவசம். துருக்கியரிடமிருந்து ஹங்கேரி வழியாக வந்த வடிவம். அரைக்கோள எஃகு மண்டை, நெற்றிக்கு மேல் தொப்பியின் முன்விளிம்புபோல நீளும் ஒரு தகடு, பிடரியில் சிங்கி இறாலின் வால்போல ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிய பட்டைகள். மூக்குத் தகட்டை மேலும் கீழும் நகர்த்தி மரையாணியால் இறுக்கிக்கொள்ளலாம். அந்தத் தகடு பல கவசங்களில் ஓர் இலையாக விரிந்து முடியும். கன்னத் தகட்டில் இதய வடிவில் துளை போட்டிருப்பார்கள். காது கேட்க ஓட்டை வேண்டும். சும்மா வட்டமாகத் துளைத்திருந்தாலே போதும். கொல்லன் அங்கேதான் கைவண்ணம் காட்டியிருக்கிறான். விளிம்பில் பித்தளைப் பட்டை, ஆணித்தலையில் பித்தளைப் பூ. வெள்ளை எஃகின் மேல் மஞ்சள் பித்தளை, அவ்வளவுதான் வண்ணம்.

இதற்கு நேர் எதிர் கராத்ஸேனா. இரும்புச் செதில்களைத் தோலில் வரிசையாக ஆணியடித்துச் செய்த கவசம். தலைக்கவசத்துக்கும் அதே செதில் போர்த்தினார்கள். செதில் கவசம் அணிந்த பண்டைய நாடோடிக் குதிரைவீரர்களான சர்மேஷியரின் வழித்தோன்றல்கள் தாங்கள் என்று போலந்துப் பிரபுக்கள் நம்பினார்கள். செதில் கவசம் அந்தப் பெருமையின் உடை. 1683இல் வியன்னாவைத் துருக்கியரின் முற்றுகையிலிருந்து மீட்ட போலந்து மன்னர் மூன்றாம் யான் சோபியெஸ்கியின் காலத்தில் இந்த மோகம் உச்சத்தில் இருந்தது. வேலைப்பாடு என்று பார்த்தால் இதுதான் மலைக்க வைக்கும். ஆனால் கனம் அதிகம், விலையும் அதிகம், ஒற்றைத் தகட்டின் உறுதியும் இல்லை. படைத்தலைவர்கள் அணிந்தார்கள், சாதாரண வீரனுக்கு எட்டாத பொருள்.

மூன்றாவதாக மிஷுர்கா. உச்சியில் ஒரு வட்டத் தகடு, அதிலிருந்து தோள்வரை தொங்கும் சங்கிலி வலை. பான்ட்செர்னி என்ற நடுத்தரக் குதிரைப்படையினர் போட்டது. எகிப்தைக் குறிக்கும் 'மிஸ்ர்' என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். அலங்காரத்துக்கு அதில் இடமே குறைவு.

என்னைக் கேட்டால் ஷிஷாக்தான். கராத்ஸேனாவில் அழகு கவசத்தின் மேல் போர்த்தப்பட்டிருக்கிறது. ஷிஷாக்கிலோ காதுக்கான ஓட்டையே அழகு. பக்கவாட்டில் தகட்டாலான சிறகு வைத்த ஷிஷாக்குகளும் உண்டு. அவை மட்டும் எனக்குக் கொஞ்சம் மிகையாகத் தெரிகின்றன. 18ஆம் நூற்றாண்டில் ஹுஸார்கள் போர்க்களத்தைவிட ஊர்வலங்களில்தான் அதிகம் தென்பட்டார்கள். 1776இல் அந்தப் படையே கலைக்கப்பட்டது.