விமானத்துக்கான சுவிட்ச் என்று சொல்லி ரூ.38,500 ஏமாற்றிவிட்டார்கள், உஷார்!

சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். போனது ரூ.38,500. சென்னை பிராட்வே பக்கம் ஒரு சந்தில், சுவிட்ச், ரிலே விற்று, பேனல் வயரிங்கும் செய்து கொடுக்கிற கடை. புகார் கொடுக்கப்போவதால் பெயர் இப்போது வேண்டாம்.

நானும் என் மச்சானும் மாதவரத்தில் ஒரு ஷெட்டில் இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம் கட்டிக்கொண்டிருக்கிறோம். சிரிக்க வேண்டாம், பெரம்பூரில் எங்கள் தெருவே சிரித்து முடித்தாயிற்று. மும்பையில் மொட்டை மாடியில் விமானம் கட்டிய அமோல் யாதவைப் பார்த்தும் முதலில் சிரித்திருப்பார்கள். மற்ற வேலையெல்லாம் நாங்களே செய்தோம். பேனலில் ஃப்யூயல் பம்ப் சுவிட்ச், பிரைமர் சுவிட்ச், அவற்றுக்கான பிரேக்கர் (கரண்ட் அதிகமானால் தானே துண்டிப்பது), வயரிங் மட்டும் வெளியே கொடுத்தோம்.

பம்ப் சுவிட்ச் போட்டால் போட்டபடி நிற்க வேண்டும். எஞ்சினோடு ஓடும் பம்ப் மக்கர் பண்ணினால் இந்த எலக்ட்ரிக் பம்ப்தான் கை கொடுக்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் அதை ஓடவிடுவார்கள். பிரைமர் அப்படியில்லை. பம்ப் ஓடி பிரஷர் வந்ததும், விரலால் பிடித்திருக்கும் வரைதான் சொலினாய்டு வால்வு (காயிலில் கரண்ட் போனால் திறக்கும் வால்வு) திறந்து எஞ்சினுக்குக் கொஞ்சம் பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். விரலை எடுத்ததும் ஸ்பிரிங் சுவிட்சைத் திருப்பிவிட வேண்டும். திறந்தே கிடந்தால் பெட்ரோல் கீழே வழியும், ஸ்டார்ட் பண்ணும்போது எஞ்சின் நெருப்பைத் திருப்பித் துப்பும் பேக்ஃபயர் ஒன்று போதும், தீப்பிடித்துவிடும்.

இதையெல்லாம் கடை முதலாளியிடம் படம் போட்டுக் காட்டினேன். மனிதர் கவனமாகப் பார்த்துவிட்டு, நான் கேட்காமலே, "சொலினாய்டுக்குக் குறுக்க டயோடு போடணுமே சார், இல்லன்னா ஆஃப் பண்றப்ப காயில் திருப்பி அடிச்சு சுவிட்ச் பாயின்ட் கருகிடும்" என்றார். டயோடு என்பது கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் சின்ன பாகம். அங்கேதான் விழுந்தேன். இவ்வளவு தெரிந்தவர் ஏமாற்றுவாரா? விமானத்துக்குப் போடும் டெஃப்செல் வயர் ரோல் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். இன்சுலேஷன் மேலேயே எம்22759/16 என்று அந்த ரகத்தின் நம்பர் அச்சாகியிருந்தது, அசல் சரக்கு. வயர் முனையில் ஒரு டெர்மினலை நசுக்கிப் பிடிக்கவைத்து (கிரிம்ப் பண்ணி) "இழுங்க சார், முழு பலத்தோட இழுங்க" என்றார். இழுத்தேன், வரவில்லை. அங்கேயே யுபிஐயில் ரூ.38,500 அனுப்பினேன். பில் கேட்டதற்கு எஸ்டிமேட் சீட்டு ஒன்று கிழித்துக் கொடுத்தார்.

பேனல் வந்தது, மாட்டினோம், பேட்டரி கொடுத்தோம். பம்ப் டக் டக் என்று ஓடியது. பிரைமரைத் தூக்கினேன். குப்பென்று பேனலுக்குப் பின்னாலிருந்து புகை. விரலை எடுத்தேன், சுவிட்ச் தூக்கியபடியே நிற்கிறது! மச்சான் பாய்ந்து பேட்டரி வயரைப் பிடுங்கினான். நல்லவேளை, லைனில் பெட்ரோல் இல்லை.

கழற்றிப் பார்த்தால் வயிறு எரிகிறது. டயோடு போட்டிருக்கிறார்கள், தலைகீழாக. அதன் மேலுள்ள வெள்ளைக் கோடு பிளஸ் பக்கம் இருக்க வேண்டும், இதில் மைனஸ் பக்கம். சுவிட்ச் போட்டதுமே நேர் ஷார்ட். 5 ஆம்பியர் பிரேக்கர் கேட்ட இடத்தில் 30 ஆம்பியர் கார் ஃப்யூஸ், அதனால் ஃப்யூஸ் அப்படியே இருக்க வயர் வெந்திருக்கிறது. அந்த வயரைச் சீவினால் சிவப்புச் செம்பு. மேஜைமேல் காட்டிய ரகத்தில் வெள்ளீயம் பூசியிருக்கும், கம்பி வெள்ளி மாதிரி பளபளக்கும். இது சாதாரண பிவிசி. சுவிட்ச் மேல் ஒட்டியிருந்த 'மில்-ஸ்பெக்' (ராணுவத் தரம்) லேபிளை நகத்தால் உரித்தேன், அடியில் 125 வோல்ட் ஏசி (மாறுதிசை மின்சாரம்) என்று இருக்கிறது. எங்கள் பேட்டரி தருவதோ டிசி (நேர்திசை மின்சாரம்), அதற்கான ரேட்டிங்கே கிடையாது. நம் வீட்டு ஏசி கரண்ட் நொடிக்கு 100 தடவை பூஜ்யத்துக்கு வந்து போவதால் பாயின்டில் வரும் பொறி தானே அணைந்துவிடும். டிசியில் அந்த வசதி இல்லை, நாளடைவில் பாயின்ட் கருகும், ஒட்டிக்கொள்ளவும் செய்யும்.

போன் போட்டால் "ஓனர் வெளியூர்ண்ணே". அடுத்து "திங்கக்கிழமை வாங்க". போனால் ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது, உள்ளே அவர் குரல் கேட்கிறது, பையன் மட்டும் வெளியே வந்து "இல்லண்ணே" என்கிறான். வாட்ஸ்அப்பில் புகைப்படம் அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. கடைசியில் நேரில் பிடித்தபோது, நான் வரைந்து கொடுத்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டே, "பிளேனுக்குன்னு நீங்க சொல்லவே இல்லையே சார். வித்த சாமான் வாபஸ் கிடையாது" என்கிறார். ரூ.38,500 சார், கொஞ்சமா நஞ்சமா?

எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமையில்லை. ஜிஎஸ்டி பில் கையில் வராமல் பணம் அனுப்பாதீர்கள், எஸ்டிமேட் சீட்டு செல்லாக்காசு. வந்த வயரில் ஒரு துண்டு சீவிப் பாருங்கள். லேபிளை உரித்துப் பாருங்கள். ஃப்யூஸ் நம்பரைப் படிக்காமல் பேட்டரி கொடுக்காதீர்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் 1915க்கு அடியுங்கள், நுகர்வோர் உதவி எண். ரூ.5 லட்சம் வரைக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே கிடையாது. எஸ்டிமேட் சீட்டு, யுபிஐ ரசீது, வெந்த வயர் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன். அதே கடையில் வயரிங் கொடுத்த படகுக்காரர்கள் காசிமேட்டில் யாராவது இருந்தால் முதலில் ஃப்யூஸைக் கழற்றிப் பாருங்கள்.